திங்கட்கிழமைக் கையெழுத்துகள்

அந்த வாடகை வேன் கம்பெனியில் அவளுக்குப் பொறுப்பக்கா என்று பெயர். டிரைவர்கள் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலிலும், பிறகு குற்றப் பத்திரிகையிலும் மட்டும்தான் இருந்தது.

பெயர்க் காரணம் இதுதான். வண்டியை வாடகைக்கு விடுகிற கம்பெனி எதுவானாலும் அதில் பொறுப்பாளர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அவர் பரீட்சை எழுதித் தேறி, உரிமம் வாங்கியவராக இருக்க வேண்டும். முதலாளிதான் முதலில் எழுதினார். ஒரு தடவை தோற்றார். மறு தடவை முதல் தடவையைவிட நன்றாகத் தோற்றார். மூன்று வண்டிகள் ஷெட்டில் சும்மா நிற்க, கையைப் பிசைந்துகொண்டிருந்தவர் கண்ணில், மூலையில் உட்கார்ந்து டெலிபோன் எடுத்துக்கொண்டும் பில் போட்டுக்கொண்டும் இருந்த இவள் பட்டாள். நீதான் பள்ளிப் படிப்பை முடித்தவளாயிற்றே, எழுதிப் பாரேன் என்றார். அவளும் நாற்பது நாள் அந்தத் தடித்த புத்தகத்தை அடுப்படியில் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தாள். முதல் தடவையிலேயே தேறினாள், நூற்றுக்கு எண்பத்தொன்பது மார்க். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். தேர்வுக் கட்டணத்தைக்கூட அவள்தான் கட்டினாள்.

உரிமம் வந்த அன்று முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டினார். அவளுக்குக் கை வைத்த நாற்காலி ஒன்று வந்தது. மேஜை மேல் 'பொறுப்பாளர்' என்று எழுதிய பலகை வந்தது. "நீ இல்லேன்னா இந்தக் கம்பெனியே இல்லம்மா" என்று முதலாளி வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்வார். அது உபசாரம் என்று நினைத்து அவள் வெட்கப்படுவாள். சட்டப்படி அது அப்பட்டமான உண்மை என்பது வெகுநாள் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. புருஷன் போய்ப் பதினெட்டு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் உலகம் அவள் பெயரை எழுதிக் கொடுத்த ஒரே காகிதம் அது. பெருமைப்பட்டாள், பட்டுவிட்டுப் போகட்டுமே, அதில் என்ன தப்பு?

தப்பு வேறு இடத்தில் இருந்தது. சோதனைப் புத்தகம் என்று ஒன்று. ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பிரேக், டயர், விளக்கு, கதவு, தீயணைப்பான் என்று பன்னிரண்டு வரிகள். வண்டி கிளம்புவதற்கு முன் பொறுப்பாளர் ஒவ்வொன்றையும் பார்த்து 'நன்று' அல்லது 'குறை' என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கங்களுக்கு நம்பர் அச்சடித்திருக்கும், கிழிக்கக் கூடாது. அடித்துத் திருத்தினால் ஏன் திருத்தினேன் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.

வண்டிகள் கிளம்புவது விடியற்காலை நாலரைக்கு. அவள் ஆபீசுக்கு வருவது ஒன்பது மணிக்கு. இரண்டு பஸ் மாறி வர வேண்டும். முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். இதற்கு என்ன வழி? முதல் மாதம் சாயங்காலமே மறுநாளைக்குப் போட்டு வைத்தாள். பிறகு இரண்டு நாளைக்குச் சேர்த்து. கடைசியில் திங்கட்கிழமை காலை டீ குடித்த கையோடு ஞாயிறு வரைக்கும் மூன்று வண்டிக்கும் இருபத்தோரு பக்கம் எழுதி முடித்துவிடுவது என்று வழக்கமாகிவிட்டது. ஒரே பேனாவில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு நாளைக்கு நீலம், ஒரு நாளைக்குக் கறுப்பு என்று மாற்றி மாற்றி எழுதுவாள். பரீட்சைக்குப் படித்த மூளை அல்லவா! சாலைப் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் மூன்று தடவை வந்து புத்தகத்தைப் புரட்டினார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பொறுப்பக்கா கையெழுத்துப் போட்டால் டயரில் காற்று தானாக ஏறும் என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த டிரைவர்களில் ஒருவர் அவள் தங்கை புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததே இவள்தான். அவருக்கு நிதானம் என்று பட்டப்பெயர். காலியான ரோட்டிலும் ஐம்பதைத் தாண்ட மாட்டார். நிதானம் வண்டியில் ஏறினால் கல்யாணத்துக்குக் கிளம்பியவன் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறபோதுதான் போய்ச் சேருவான் என்பார்கள். மனுஷன் கோபித்துக்கொள்ளவே மாட்டார். போய்ச் சேருகிறோமா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்பார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் வண்டிச் சாவி.

"அக்கா, பிரேக் பெடல் கீழ வரைக்கும் போகுது. ரெண்டு தடவ மிதிச்சாத்தான் பிடிக்குது. வெள்ளிக்கிழமை மலைக்குப் போகணும். இத வச்சுக்கிட்டு எறங்க முடியாது."

மருந்துக் கம்பெனியில் அட்டைப் பெட்டி ஒட்டுகிற பதினாலு பேர், வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கிற இரண்டு நாள் லீவில் மலைக்குப் போவதற்காக வண்டியைப் பேசியிருந்தார்கள். அவள் சோதனைப் புத்தகத்தை எடுத்தாள். புதன் பக்கத்தில் 'பிரேக்: நன்று'. வியாழன் நன்று. வெள்ளி நன்று. சனி, ஞாயிறும் நன்று. எல்லாம் அவள் கையாலேயே, இரண்டு நிறத்தில்.

'குறை' என்று எழுத வேண்டுமானால் நன்றை அடிக்க வேண்டும். அடித்தால் காரணம் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் புதன்கிழமையே அடித்துத் திருத்துகிறேன் என்று எந்த வாயால் எழுதுவது? ஒரு பக்கத்தை இழுத்தால் இருபத்தோரு பக்கமும் சேர்ந்து வரும். புத்தகத்தை மூடிவிட்டு, முதலாளியின் அறைக்குப் போய் வாயால் சொன்னாள்.

முதலாளி டெலிபோனில் இருந்தார். டெலிபோனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார். மற்ற இரண்டு வண்டிக்கும் சவாரி பேசியாயிற்று, திங்கட்கிழமை ஒர்க்ஷாப்பில் விடலாம் என்றார். பிறகு, "நிதானம் ஓட்டுற ஓட்டுக்குப் பிரேக்கே தேவையில்லம்மா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு டெலிபோனுக்குத் திரும்பினார்.

அவள் வெளியே வந்து, திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறார் என்று மட்டும் சொன்னாள். அவர் சாவியைப் பார்த்தார்.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும். பரீட்சையில் வந்த கேள்வி. வண்டியில் குறை உண்டென்று அறிந்தால் பொறுப்பாளர் செய்ய வேண்டியது யாது? சாவியை வாங்கித் தன்வசம் வைத்துக்கொள்ள வேண்டும், முதலாளியே கேட்டாலும் தரக் கூடாது. ஐந்துக்கு ஐந்து மார்க் வாங்கியிருந்தாள். சாவி ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினால் போதும். பேப்பரில் பதில் எழுதத் தெரிந்தவளுக்குக் கையை நீட்டத் தெரியவில்லை.

"மெதுவாப் போயிட்டு வந்துடுங்க மாப்பிள்ளே" என்றாள்.

"நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மலையிலிருந்து இறங்குகிற மூன்றாவது வளைவில் வண்டி பள்ளத்தில் விழுந்தது. பதினாலு பேரில் ஏழு பேர் போனார்கள். அவர்களோடு நிதானமும் போனார். பிழைத்தவர்களில் ஒருத்தி, டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார், எல்லாரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கத்தினார் என்று சொன்னாளாம். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் தங்கை இவள் தோளில்தான் விழுந்து அழுதாள். தன் தோளை அறுத்து எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை போலீஸ் வந்து சோதனைப் புத்தகத்தைக் கொண்டுபோனது. விசாரணையில் அரசு வக்கீல் அதை உரக்க வாசித்தார். சனிக்கிழமை, வண்டி இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் மலை உச்சியில் இருக்கிறது. இங்கே ஆபீசில் பிரேக் நன்று, டயர் நன்று. ஞாயிற்றுக்கிழமை, வண்டி நொறுங்கிப் பள்ளத்தில் கிடக்கிறது. பிரேக் நன்று, டயர் நன்று, கதவு நன்று. "இந்தக் கதவைத்தானே அம்மா வெட்டி எடுத்து உள்ளே இருந்தவங்கள வெளிய தூக்கினாங்க?" என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் இறந்தவர்களின் வீட்டார் இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

அதற்கு முன்பே முதலாளியும் அவருடைய வக்கீலும் ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள். வக்கீல் நயமாகப் பேசினார். முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டது சின்னக் குற்றம், உரிமம் போகும், அபராதத்தோடு முடியும். பிரேக்கைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்று அவள் சொன்னால் போதும். டிரைவர் வேகமாக இறங்கினார், கட்டுப்பாட்டை இழந்தார் என்று மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். செத்தவரை யாரும் ஜெயிலில் போட முடியாது என்றும் சொன்னார். முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுவுற மீனில் நழுவுற மீன் என்று ஒரு சாதி உண்டே, அதற்கு மீசை வைத்தால் இவர்தான்.

நிதானம் வேகமாகப் போனார் என்பதா? அந்த ஒரு சொல்லைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. தங்கைக்கு இனி மிச்சம் இருப்பது புருஷனுடைய பெயர் ஒன்றுதான். தங்கை குடியிருந்த தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, விபத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா இருந்தாள். அவள் தினமும் சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்து உட்காருவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதுகூட இல்லை. "உன் வீட்டுக்காரரும் எம்பொண்ணு மாதிரி மாட்டிக்கிட்டவருதான்" என்று ஒரு நாள் அவள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் தங்கை அன்று கொஞ்சம் சாப்பிட்டாள். அந்தப் பெயரையும் அவரிடமிருந்து பிடுங்கித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதா? பிழைத்துக் கிடந்தாலும் அது பிழைப்பா?

ஆகவே சாட்சிக் கூண்டில் ஏறி உள்ளதை உள்ளபடி சொன்னாள். திங்கட்கிழமைக் கையெழுத்தைச் சொன்னாள். இரண்டு பேனாவைச் சொன்னாள். புதன்கிழமை டிரைவர் வந்து பெடல் கீழே போகிறது, இதை வைத்துக்கொண்டு மலை இறங்க முடியாது என்று சொன்னதைச் சொன்னாள். அதை முதலாளியிடம் சொன்னதையும், அவர் சொன்ன பதிலையும் சொன்னாள். மெதுவாகப் போய்விட்டு வாருங்கள் என்று தான் சொன்னதையும் விடவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் எங்கள் தப்பு என்று முடித்தாள். இறங்கி வந்தபோது தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

அடுத்து ஏறிய முதலாளி, அந்தம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வண்டியை விட்டிருப்பேனா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். எழுத்தில் இருந்தது 'நன்று' மட்டும்தான்.

தீர்ப்பு வந்த அன்று நீதிபதி நாற்பது பக்கத்தை முக்கால் மணி நேரம் வாசித்தார். வண்டி உரிமையாளர், சட்டம் கேட்கிறபடி உரிமம் பெற்ற பொறுப்பாளர் ஒருவரை நியமித்திருக்கிறார், வண்டியின் நிலைக்கு அவர் கையெழுத்தை நம்பியது நியாயமே, விடுதலை. பொறுப்பாளருக்கு நாலு வருஷம் சிறை, ஆயுளுக்கும் உரிமம் ரத்து. இதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். இதற்குத்தானே முதலாளிமார் பரீட்சையில் தேறின ஆளைத் தேடி நாற்காலி போடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. ஓட்டுநருக்குப் பிரேக் பழுது முன்னமே தெரியும் என்பது பொறுப்பாளரின் சாட்சியத்தால் ஐயமின்றி நிரூபணமாகிறது. மலை இறங்க முடியாது என்று தன் வாயாலேயே சொன்னவர், தெரிந்தும் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஆகவே எட்டு உயிரின் பொறுப்பில் அவருக்கும் பங்குண்டு. வேலையின்போது இறந்த தொழிலாளிக்கான இழப்பீடு அவர் குடும்பத்துக்குச் சேராது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது கெட்டால் அதோடு போயிற்று. இவள் வாயால் செத்தவன் கெட்டான்.

பணம் போனதைத் தங்கை பேசவே இல்லை, கடைசி வரைக்கும். தீர்ப்பு பேப்பரில் வந்த மறுநாள் சாயங்காலம் அந்த அம்மா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் தங்கையே போய்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. தெரிந்தா கூட்டிக்கிட்டுப் போனார் என்று மட்டும் அந்த அம்மா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. பதில் சொல்லட்டும் என்று நின்றாள். தங்கைக்குத்தான் நிற்க முடியவில்லை.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள். சிறைக்குப் போக அக்காவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவர் உங்கிட்ட எதுவுமே சொல்லலைன்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடு."

"சொன்னாரேடி. எங்கிட்ட வந்து நின்னு சொன்னாரே."

"தெரியும். சொல்லலைன்னு எழுது. பிரேக் கெட்டது உனக்கு மட்டும்தான் தெரியும், அவருக்குச் சொல்லாம மறைச்சுட்டேன்னு எழுது."

"சரி."

ஒரு நொடிகூட அவள் யோசிக்கவில்லை. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்திருந்த வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். முன்னே சொன்னது பொய் என்றால் பொய்ச் சாட்சிக்குத் தனி வழக்கு, மறைத்தீர்கள் என்றால் தண்டனை இரண்டு வருஷமாவது கூடும், யாராவது தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்வார்களா என்றார். போடத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லி, அவள் தன் அழகான கையெழுத்தில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. குறை தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாழ்நாளில் சட்டத்துக்கு அவள் எழுதிய எல்லாக் காகிதங்களிலும் அந்தப் பொய்யைத்தான் மிகக் கவனமாக, வரிவரியாகச் சரிபார்த்து எழுதினாள்.

மேல்கோர்ட்டு பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் சிறையில் தையல் பிரிவில் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். முதலாளி தன் மருமகனைப் பரீட்சை எழுத வைத்து, புதுப் பெயரில் கம்பெனியைத் திறந்திருந்தார். வக்கீல் பதிலைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். மனு தள்ளுபடி. முதல் சாட்சியம் அவர் தாமாக முன்வந்து, தமக்கே கேடு வரும் என்று தெரிந்தும் சொன்னது. அப்படிச் சொன்னதை நம்புவதே முறை. பின்னால் எழுதிக் கொடுத்தது உறவினர் மேல் உள்ள பாசத்தால் எழுந்தது. ஏற்பதற்கில்லை.

ஐந்து வருஷமாக அவள் எழுதிய பொய்யை எல்லாம் இன்ஸ்பெக்டர்கள் நம்பினார்கள். ஒரே ஒரு நாள் சொன்ன உண்மையைக் கோர்ட்டு நம்பியது. அவளுக்கு வேண்டியிருந்த ஒரு பொய்யைத்தான் யாரும் நம்பவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வக்கீலுக்கு நன்றி சொல்லி அனுப்பினாள்.

தங்கை அடுத்த வாரம் பார்க்க வந்தாள். நடுவில் கம்பி வலை. பேசுவதற்குப் பத்து நிமிஷம். மனு தள்ளுபடியானது அவளுக்குத் தெரிந்திருந்தது. அக்காவின் உடம்பை விசாரித்தாள். சாப்பாடு எப்படி என்று கேட்டாள். தெருவில் இருக்க முடியவில்லை, வீடு மாற்றிவிட்டேன் என்றாள்.

"எங்கடி போயிருக்க?"

தங்கை வலையைப் பிடித்திருந்த விரல்களை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க்கா. உங்கிட்ட ஒண்ணு தெரிஞ்சா, நீ யாராவது கேட்டா சொல்லிடுவே."

மணி அடிப்பதற்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. தங்கை எழுந்து போய்விட்டாள்.